ஒன்றரை மில்லிமீட்டரின் வரலாறு

ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை 45 ஆம்பியர் பிளாஸ்மாவால் வெட்டும்போது டார்ச்சின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். தகட்டைத் துளைக்கும் அந்த முதல் நொடியில் மட்டும் 3.8 மி.மீ. கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்கள் இவை. மேசை மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் அந்தப் பரப்பில் டார்ச் எந்த மூலைக்கு ஓடினாலும் இந்த ஒன்றரை மில்லிமீட்டர் மாறக் கூடாது.

மாறினால் என்ன ஆகும் என்பது வெட்டிய துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாலே தெரியும். இடைவெளி கூடினால் வெட்டின் மேல்பக்கம் அதிகம் உருகி ஓரம் சரிவாக வரும். அடியில் கசடு கட்டும். குறைந்தால் சரிவு எதிர்த்திசையில் விழும். இன்னும் குறைந்து நுனி தகட்டைத் தொட்டுவிட்டால், வெட்டும் மின்வில்லான ஆர்க் நேராகத் தகட்டுக்குப் போகாமல் டார்ச் நுனியிலுள்ள நாசில் வழியாகத் தாவும். நாசிலின் துளை ஒரே நொடியில் கோணலாகிவிடும். அதற்குப் பிறகு அந்த நாசிலால் நேரான ஓரம் ஒன்றை எடுக்க முடியாது.

தகடோ சமமாக இருப்பதில்லை. சுருளிலிருந்து நிமிர்த்திய தகட்டில் அலை இருக்கும். மேசையில் அதைத் தாங்கும் பட்டைகள் ஏற்கெனவே பல வெட்டுகளில் தின்னப்பட்டு மேடும் பள்ளமுமாக இருக்கும். வெட்டத் தொடங்கியதும் சூட்டில் தகடு தானாக மேலே எழும். இரண்டு மில்லிமீட்டர் ஷீட் என்றால் நடுப்பகுதி விரல் கனத்துக்கு எழுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே டார்ச்சைப் பிடித்திருக்கும் இசட் அச்சு ஒவ்வொரு கணமும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாக வேண்டும். கண்ணால் பார்த்து ஏற்றி இறக்க மனிதக் கைக்கு நேரம் இல்லை. பிறகு எதைப் பார்த்து அது ஏறி இறங்குகிறது?

திருச்சியை அடுத்த துவாக்குடியில், பாய்லர் கட்டுமான வேலை எடுக்கும் பட்டறைகளுக்கு நடுவே என் பட்டறையும் இருக்கிறது. நான் தகடு வெட்டுவதில்லை. வெட்டும் மேசைகளுக்கு இசட் அச்சு செய்து கொடுக்கிறேன். மற்றவர்கள் செய்ததைப் பழுது பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பையன்கள் டார்ச் உயரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு வந்த புதுமை என்றுதான் நினைக்கிறார்கள். அது சரியில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அறிவு பிளாஸ்மா டார்ச்சுக்கு ஏறக்குறைய எண்பது வயது மூத்தது. அது பிறந்த இடம் தெருவிளக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி பெரிய மின்கல அடுக்கு ஒன்றின் இரு முனைகளில் கரித்துண்டுகளை வைத்து, ஒன்றையொன்று தொடவைத்துப் பிரித்துக் காட்டினார். நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒளி வளைந்து நின்றது. அதுவரை மனிதன் உண்டாக்கிய எந்த விளக்கும் அப்படி எரிந்ததில்லை. ஆனால் அதை விளக்காக விற்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. காரணம், எரிய எரியக் கரி தேயும். தேயத் தேய இடைவெளி கூடும். ஒரு அளவுக்கு மேல் கூடினால் ஆர்க் அறுந்து விளக்கு அணைந்துவிடும். போதாக்குறைக்கு, நேர்மின்னோட்டத்தில் நேர்முனைக் கரி எதிர்முனைக் கரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். விளக்கின் பக்கத்திலேயே ஒரு ஆள் நின்று திருகிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆளை எப்படி விலக்குவது என்பதில்தான் 1840-களிலிருந்து ஐரோப்பாவின் கைதேர்ந்த கருவிக்காரர்கள் இறங்கினார்கள். பூமியின் சுழற்சியை ஊசலால் காட்டிய அதே லியோன் ஃபூக்கோ கடிகாரச் சக்கரங்கள் பூட்டிய ஒரு சீராக்கியைச் செய்தார். 1849-இல் பாரிஸ் ஆப்பெரா மேடையில் சூரியன் உதிக்கும் காட்சிக்கு ஆர்க் விளக்கு பயன்பட்டது. 1850-களின் இறுதியில் செரின் என்ற பிரெஞ்சுக்காரர், மேல் கரியைப் பிடித்திருக்கும் தண்டின் எடையையே உந்து விசையாக்கி, அதை ஒரு மின்காந்தம் பிடித்து நிறுத்தும்படி அமைத்தார். ஆர்க் நீண்டால் மின்னோட்டம் குறையும், காந்தம் தளரும், தண்டு கொஞ்சம் இறங்கும், மின்னோட்டம் மீண்டதும் காந்தம் பிடித்துக்கொள்ளும். 1858 டிசம்பரில் இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கில் மின்ஒளியைச் சோதித்தபோது அதை மேற்பார்வையிட்டவர் மைக்கேல் ஃபாரடே. கப்பல்காரர்களின் உயிர் அந்தக் கரி இடைவெளியை நம்பி இருந்தது.

ஒரு விளக்குக்கு இது போதும். தெருவுக்கு ஒரே மின்கம்பியில் வரிசையாகப் பல விளக்குகளைக் கோத்தபோதுதான் கோளாறு வெளிப்பட்டது. எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். மூன்றாவது விளக்கின் கரி தேய்ந்து மின்னோட்டம் குறைந்தால், நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மற்ற விளக்குகளும் தங்கள் கரிதான் தேய்ந்தது என்று எண்ணிக் கரியை இறக்கும். ஒன்றின் குற்றத்துக்கு எல்லாம் ஆடும். பாவெல் யாப்லோச்கோவ் என்ற ரஷ்யர் 1876-இல் இந்தத் தொல்லையையே வேண்டாம் என்று ஒதுக்கினார். இரண்டு கரிக்குச்சிகளை இணையாக நிறுத்தி நடுவில் களிமண் போன்ற பொருளை அடைத்து, மேலிருந்து கீழாக மெழுகுவர்த்தி எரிவதுபோல் எரியவிட்டார். இடைவெளி குச்சிகளுக்கு நடுவிலேயே நிலைத்துவிட்டது. இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பாரிஸின் பெரிய வீதி அதனால் ஒளிர்ந்தது. ஆனால் ஒரு மெழுகுவர்த்தி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். அணைந்தால் அதே குச்சியை மறுபடி ஏற்ற முடியாது.

உண்மையான விடையைக் கண்டவர் பெர்லினில் சீமென்ஸ் - ஹால்ஸ்கே நிறுவனத்தில் இருந்த ஃப்ரீட்ரிக் ஃபான் ஹெஃப்னர் - ஆல்டெனெக். 1878-இல் அவர் வரைந்த விளக்கில் ஒரு நெம்புகோல். அதன் இரும்புத் தண்டை இரண்டு சுருள்கள் எதிரெதிராக இழுக்கும். ஒரு சுருளில் ஆர்க்கின் மின்னோட்டம் ஓடும். மெல்லிய கம்பி சுற்றிய மற்றொரு சுருள் ஆர்க்கின் இரு முனைகளுக்குக் குறுக்கே, வோல்டேஜை மட்டும் அளக்கும்படி கட்டப்பட்டிருக்கும். தராசின் இரண்டு தட்டுகளில் வைத்ததுபோல் மின்னோட்டமும் வோல்டேஜும் எதிரெதிரே நின்றன. பக்கத்து விளக்கால் மின்னோட்டம் கொஞ்சம் ஆடினாலும் தண்டு பெரிதாக அசையாது. தன் சொந்த ஆர்க் நீண்டால் மட்டும் வோல்டேஜ் கனத்துத் தண்டு சாயும், கரி இறங்கும். 1879-இல் பெர்லின் கைசர்காலரியில் இவ்விளக்குகள் எரிந்தன. அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் அதே காலத்தில் தன் வழியில் ஒரு பிடிவளைய விளக்கைச் செய்து, 1879 ஏப்ரல் 29 அன்று கிளீவ்லேண்ட் நகரச் சதுக்கத்தை ஒளிரவைத்தார்.

ஹெஃப்னரின் விளக்கை நான் பெரிதாக மதிக்கக் காரணம் இதுதான். ஆர்க் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள அவர் அளவுகோல் எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை. ஆர்க்கின் வோல்டேஜையே அளவுகோலாக்கினார். இன்று என் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு உயரக் கட்டுப்பாட்டுப் பலகையும் செய்வது இதையேதான்.

தமிழ்நாட்டிலும் இந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் கையால் காத்தவர்கள் இருந்தார்கள். சினிமாத் தியேட்டர் ஆபரேட்டர்கள். செனான் பல்பு வரும்வரை புரொஜக்டரில் எரிந்தது கார்பன் ஆர்க். லால்குடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் என் தாய்மாமா ஆபரேட்டராக இருந்தார். புரொஜக்டரின் பின்பக்கம் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் இரண்டு கார்பன் குச்சிகளின் நுனி நெருப்பு தெரியும். படம் ஓடும்போது அவர் கை இரண்டு திருகுகளின் மேலேயே இருக்கும். “திரை மஞ்சள் அடிச்சா குச்சி தூரம் போச்சுன்னு அர்த்தம்டா மாப்ள, வெள்ளை நடுங்கினா கிட்ட வந்துருச்சுன்னு அர்த்தம்” என்பார். மீட்டரைவிட அவர் திரையைத்தான் நம்பினார். கதாநாயகி அழுதாலும் வில்லன் சிரித்தாலும் அவர் பார்த்தது ஒளியின் நிறத்தை. தொழிலுக்கு வந்த பிறகு, பிளாஸ்மா மேசையின் ஆபரேட்டர்கள் ஆர்க்கின் சத்தத்தைக் கேட்டு உயரத்தைச் சொல்வதைப் பார்த்தபோது மாமாவின் திறமை என்ன என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஹெஃப்னருக்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. வோல்டேஜ் கூடினால் ஆர்க் நீண்டிருக்கிறது என்று தெரியும். எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அளந்தவர்கள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். இதைத் தீர்த்தவர் ஹெர்த்தா அயர்டன். இங்கிலாந்தில் குடியேறிய போலந்து யூதக் கடிகாரக்காரரின் மகள்; 1854-இல் பிறந்தவர்; கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்தவர். கணவர் வில்லியம் அயர்டன் மின்னியல் பேராசிரியர். 1893-இல் கணவர் சிகாகோ போயிருந்தபோது ஆர்க் ஆராய்ச்சியைக் கையில் எடுத்தவர் பிறகு அதை விடவே இல்லை.

முந்தைய அளவீடுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர் முதலில் பார்த்தார். கரியின் நுனி எரிந்து தன் இயல்பான வடிவத்துக்கு வருவதற்கு நேரம் ஆகும். அதற்கு முன்பே அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். அவர் காத்திருந்தார். மின்னோட்டத்தையும் நீளத்தையும் மாற்றாமல் ஆர்க்கை நிலைபெற விட்டு, அதன் பிறகே வோல்ட்மீட்டரைப் படித்தார். அப்படி அளந்தவற்றைத் தாளில் புள்ளியிட்டபோது நேர்கோடுகள் விழுந்தன. மின்னோட்டம் மாறாதிருந்தால் வோல்டேஜ் நீளத்தோடு நேராக ஏறுகிறது. கெட்டிக் கரிக்குச்சிகளுக்கு அவர் தந்த சமன்பாட்டில் 10 ஆம்பியர் இட்டுப் பாருங்கள்: அடிப்படையாக 40 வோல்ட், அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 3 வோல்ட். தெருவிளக்குக்காரன் தச்சனைப்போல் அளந்து வேலை செய்யும் காலம் அந்தக் கோடுகளோடு வந்தது.

1899-இல் ஆர்க் ஏன் சில வேளைகளில் சீறுகிறது என்ற தன் ஆய்வை லண்டன் மின்பொறியாளர் கழகத்தில் அவரே வாசித்தார். நேர்முனைக் கரியின் குழிக்குள் காற்றின் ஆக்சிஜன் புகுவதால்தான் அந்தச் சீறல் என்று நிறுவினார். அங்கே தன் கட்டுரையை வாசித்த முதல் பெண் அவர். அந்தக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. ஆனால் ராயல் சொசைட்டியில் அவருடைய ஆர்க் கட்டுரையை 1901-இல் ஜான் பெர்ரி என்ற ஆண் வாசிக்க வேண்டியிருந்தது. 1902-இல் உறுப்பினராக முன்மொழிந்தபோது, திருமணமான பெண்ணை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ‘மின் ஆர்க்’ என்ற அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. 1906-இல் அதே சொசைட்டி அவருக்கு ஹியூஸ் பதக்கம் தந்தது. உள்ளே விடாமல் வாசலில் வைத்துப் பதக்கம் கொடுத்த அந்தச் செயலை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

விளக்குக்குப் பிறகு ஆர்க் வெல்டிங்குக்குப் போனது. 1920-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த பி. ஓ. நோபல் செய்த தானியங்கி வெல்டிங் கருவி, உறையில்லாத கம்பியை ஆர்க்கின் வோல்டேஜைப் பார்த்தே ஊட்டியது. வோல்டேஜ் ஏறினால் கம்பி வேகமாக இறங்கும். தேய்ந்த மோட்டார் தண்டுகளையும் கிரேன் சக்கரங்களையும் மேலே உலோகம் ஏற்றி மீட்க அது பயன்பட்டது. 1940-களின் தொடக்கத்தில் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் டங்ஸ்டன் முனையையும் ஹீலியத்தையும் வைத்து இன்று நாம் டிக் என்று சொல்லும் வெல்டிங்கைக் கொண்டுவந்தார். அந்த டிக் ஆர்க்கைத்தான் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் ராபர்ட் கேஜ் சிறு துளையுள்ள நாசில் வழியாக நெருக்கிப் பார்த்தார். நெருக்கியதும் அது பற்றவைக்கும் குணத்தை விட்டு அறுக்கும் குணத்துக்கு மாறியது. 1957-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கேஸ் கட்டிங்குக்கு அடங்காத அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அதற்கு அடங்கின.

அதுவரை பட்டறைகளில் இருந்தது கேஸ் கட்டிங். தண்டவாளத்தில் ஊரும் பக் மெஷின், வரைபடத்தின் கோட்டை ஒளிக்கண்ணால் பின்தொடரும் பெரிய மேசை, எல்லாம் ஆக்சிஜனை நம்பியவை. ஆக்சிஜன் வெட்டில் இரும்பு தானே எரிகிறது. சுடர் இரண்டு மில்லிமீட்டர் மேலே போனாலும் கீழே வந்தாலும் பெரிய மோசமில்லை. வேகமும் குறைவு. பக் மெஷினின் பக்கத்தில் நடந்துகொண்டே ஒரு திருகைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்துவிடலாம். பெரிய மேசைகளில் டார்ச்சைச் சுற்றி ஒரு உலோக வளையம் தொங்கும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள மின்தேக்கு அளவைப் பார்த்து மோட்டார் ஏற்றி இறக்கும்.

பிளாஸ்மாவுக்கும் அந்த வளையத்தை மாட்டிப் பார்த்தார்கள். அதைத் தோற்கடித்தது தண்ணீர். 1968-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் டிக் கூச்சும் பாப் டீனும் தொடங்கிய ஹைபர்தெர்ம், ஆர்க்கைச் சுற்றித் தண்ணீரைப் பாய்ச்சி இன்னும் இறுக்கும் டார்ச்சைக் கொண்டுவந்தது. 1970-களில் புகையையும் இரைச்சலையும் அடக்கத் தண்ணீர் மேசைகளும், அதற்குப் பின் தண்ணீருக்கு அடியிலேயே வெட்டும் முறையும் வந்தன. தகட்டின் மேல் தண்ணீர் நின்றால் வளையத்தின் அளவு தப்பும். கட்டிங் டார்ச்சின் ஓரமாகவே தகடு இல்லாத இடம் வந்தாலும் வளையம் ஏமாறும். ஆர்க்கின் வோல்டேஜோ தண்ணீருக்கு அடியிலும் தன் நீளத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஹெஃப்னரின் மெல்லிய சுருள் அப்போது மின்னணு வடிவத்தில் திரும்பி வந்தது. நெருக்கப்பட்ட ஆர்க் என்பதால் இங்கே வோல்ட்டுகள் கூடுதல்: வெட்டும்போது நூற்று முப்பதை ஒட்டி நிற்கும், டார்ச் ஒரு மில்லிமீட்டர் எழுந்தால் கருவியைப் பொறுத்து ஐந்து வோல்ட்டும் அதற்கு மேலும் ஏறும்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். வோல்டேஜ் ஆர்க் எரியும்போது மட்டுமே பேசும். எரிவதற்கு முன் தகடு எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது? அதற்காகத்தான் இசட் அச்சுக்குள் இன்னொரு சிறு இசட் அச்சு வைக்கிறோம். டார்ச்சைப் பிடித்திருக்கும் தட்டு, மோட்டார் ஏற்றி இறக்கும் பெரிய தட்டின் மேல் சுதந்திரமாக ஒரு விரற்கடை மேலே எழும்படி குட்டி ரெயிலில் உட்கார்ந்திருக்கும். மோட்டார் இறக்கும், டார்ச் நுனி தகட்டைத் தொட்டு நின்றுவிடும், பெரிய தட்டு தொடர்ந்து இறங்க, சிறிய தட்டு மேலே எழுந்து ஒரு மைக்ரோஸ்விட்சை அழுத்தும். அந்தப் புள்ளியிலிருந்து, ஸ்விட்ச் அழுந்துவதற்கான தூரத்தையும் சேர்த்துக்கொண்டு, 3.8 மி.மீ. மேலே போய் ஆர்க்கைப் பற்றவைக்கும். துளைத்த பிறகு 1.5-க்கு இறங்கும். துளைக்கும்போது ஏன் உயரம் என்றால், அடிப்பக்கம் வழி திறக்கும்வரை உருகிய இரும்பு மேலே தெறிக்கும். தாழ இருந்தால் நாசிலிலேயே அப்பிக்கொள்ளும்.

மிதக்கும் தலையில் கஷ்டம் எடை. டார்ச்சும் தட்டும் சேர்ந்து மெல்லிய ஷீட்டை அழுத்தினால் ஷீட் வளையும். வளைந்த இடத்தையே தகட்டின் உயரம் என்று கணக்கிட்டுவிடும். டார்ச் விலகியதும் ஷீட் நிமிர்ந்து இடைவெளி குறையும். அதற்காக எடையில் பெரும்பங்கை ஒரு ஸ்பிரிங் தாங்கும்படி வைப்பேன். மிச்ச எடை ஸ்விட்சை நம்பகமாக விடுவிக்கும் அளவுக்கு இருந்தால் போதும். இன்னொரு வழி, டார்ச்சின் ஷீல்டு தகட்டைத் தொடும்போது ஒரு சிறு மின்சுற்று மூடுவதைப் பார்ப்பது. இதில் அழுத்தமே இல்லை, மிகத் துல்லியம். ஆனால் தகட்டில் பெயின்ட், துரு, எண்ணெய், தண்ணீர் எது இருந்தாலும் அது பொய் சொல்லும். துவாக்குடியில் மழைக்காலத்தில் வெளியே கிடந்த தகடுதான் பெரும்பாலும் மேசைக்கு வரும். ஆகவே நான் இரண்டையும் வைக்கச் சொல்கிறேன்: முதலில் மின்தொடுகை, அது தவறினால் ஸ்விட்ச்.

பெரிய அச்சுக்கு எந்த ஸ்குரூ என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பால் ஸ்குரூ உராய்வு இல்லாமல் சட்டென்று திரும்பும். வோல்டேஜ் கேட்கும் வேகத்துக்கு அது வேண்டும். ஆனால் மின்சாரம் போன கணத்தில் டார்ச் தன் எடையால் அதையே திருப்பித் தகட்டின் மேல் விழும். எனவே மோட்டாரில் பிரேக் வேண்டும், அல்லது எடையைத் தாங்கும் ஸ்பிரிங் வேண்டும். சாதாரண மரை ஸ்குரூ தானே பூட்டிக்கொள்ளும்; விழாது. ஆனால் மெதுவானது, தேய்மானமும் சீக்கிரம். மெல்லிய ஷீட்டை நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வெட்டும்போது மேடு வந்தால் மெதுவான அச்சு அதன் உச்சிக்குப் போய்ச் சேரும் முன்பே டார்ச் மோதிவிடும். மின்வெட்டுக்குப் பயந்து மெதுவான ஸ்குரூவைப் போடுவதைவிட பிரேக்குக்குக் காசு கொடுப்பதே சரி. மோதும்போது டார்ச் கழன்று விலகக் காந்தப் பிடியும் வேண்டும். ரெயிலுக்கு உறை கட்டாயம். பிளாஸ்மாப் புகையில் பறப்பது இரும்பு ஆக்சைடுத் தூள்; அது பால்களுக்குள் போனால் அரைத்துவிடும், ஸ்விட்சுக்குள் போனால் மின்னைக் கடத்தும்.

இவ்வளவு செய்தாலும், வோல்டேஜை எப்போதும் நம்பக் கூடாது என்பது இந்தத் தொழில் மெல்லக் கற்ற பாடம். ஹெஃப்னரின் விளக்குக்கு நகர்ச்சி கிடையாது, டார்ச் நகர்கிறது. மூலையில் திரும்பும்போது மேசை வேகத்தைக் குறைக்கும். குறைந்த வேகத்தில் வெட்டு அகலமாகி, ஆர்க் எட்டிப் பிடிக்க வேண்டிய இரும்பு தள்ளிப் போகும், வோல்டேஜ் ஏறும். உயரம் மாறவே இல்லை, ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி டார்ச் உயர்ந்துவிட்டது என்று நம்பி அதைத் தகட்டுக்குள் குத்தும். முன்பு வெட்டிய கோட்டைக் குறுக்கே கடக்கும்போதும், சிறு துளைகளிலும் இதே கதை. எனவே வேகம் குறையும் இடத்தில் வோல்டேஜைக் கேட்பதை நிறுத்தி, உயரத்தை இருந்த இடத்திலேயே பூட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று எலெக்ட்ரோடு. காற்றிலும் ஆக்சிஜனிலும் டங்ஸ்டன் தாங்காது. செம்பு எலெக்ட்ரோடின் நுனியில் பதித்த ஹாஃப்னியம் மணிதான் ஆர்க்கைத் தாங்குகிறது. அது வெட்ட வெட்டக் குழியும். ஒரு மில்லிமீட்டர் குழிந்தால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் குழியின் அடியிலிருந்து தகடு வரைதான் ஆர்க்கின் நீளம். குழி ஆழமானால் அதே உயரத்தில் வோல்டேஜ் கூடும். காலையில் வைத்த வோல்டேஜ் எண்ணை அப்படியே விட்டால், மாலைக்குள் டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து ஓடும். அயர்டன் கரியின் நுனி வடிவம் நிலைபெறும்வரை ஏன் காத்திருந்தார் என்பது இங்கேதான் தெரிகிறது: மின்முனையின் வடிவம் மாறினால் வோல்டேஜின் பொருளும் மாறும். இன்றைய நல்ல கருவிகள் ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும், தொட்டுப் பார்த்து அறிந்த உயரத்தில் ஆர்க்கை நிறுத்தி, அந்தக் கணத்தில் வரும் வோல்டேஜையே அந்த வெட்டுக்கான இலக்காக எடுத்துக்கொள்கின்றன. குழி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கணக்கு தப்பாது.

கம்ப்யூட்டர் இந்தக் கதையில் கடைசியாக வந்தது. வந்தபோது அடியும் வாங்கியது. பழைய டார்ச்சுகள் பல ஆயிரம் வோல்ட் உயர் அதிர்வெண் பொறியால் ஆர்க்கைத் தொடங்கும். அந்தப் பொறி பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரை நிலைகுலைய வைக்கும். எலெக்ட்ரோடும் நாசிலும் தொட்டுப் பிரிந்து ஆர்க்கைத் தொடங்கும் டார்ச்சுக்கு 1988-இல் ஹைபர்தெர்ம் காப்புரிமை பெற்றது. அதன் பிறகே சிறு பட்டறை மேசையில் சாதாரணக் கம்ப்யூட்டரை நிம்மதியாக வைக்க முடிந்தது. இன்று வோல்டேஜை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்துத் தரும் முனை இயந்திரத்திலேயே வருகிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் 1990-களில் பிறந்து, பிறகு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த லினக்ஸ்சிஎன்சி போன்ற மென்பொருள்களில் மூலைப் பூட்டும் வோல்டேஜ் மாதிரி எடுப்பதும் சேர்ந்தே வருகின்றன. பையன்கள் திரையில் எண்களை மாற்றுகிறார்கள். எண்களுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லித்தர யாரும் இல்லை.

அதனால் ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திருச்சியில் பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்துக்குள் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இது செய்ய முடியாத காரியம் இல்லை. ஒரு டிக் டார்ச்சை ஸ்டாண்டில் அசையாமல் பிடித்து, தண்ணீரால் குளிரும் செப்புத் தகட்டின் மேல், தொட்டுத் தொடங்கும் முறையில் ஆர்க்கை ஏற்றுங்கள். உயர் அதிர்வெண் பொறி வேண்டாம், வோல்ட்மீட்டர் போய்விடும். மின்னோட்டத்தை மாற்றாமல் ஒவ்வொரு மில்லிமீட்டராக உயர்த்தி, ஆர்க் நிலைபெறக் காத்திருந்து, வோல்ட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வரைபடத்தாளில் தாங்களே புள்ளி வைத்துக் கோடு போடட்டும். பாடத்தின் தலைப்பில் ஹெர்த்தா அயர்டன் என்ற பெயரையும் எழுதிப் போடுங்கள். ஒரு மதியம் போதும்.